எந்த மனு எந்த மேசைக்கு: செட்டிநாட்டு ஊர்க்காரர்கள் கலெக்டர் அலுவலகத்தை அணுகும் முறை

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் கையில் சேரும் மனுக்களில் நிறைய மனுக்கள் கலெக்டர் முடிவெடுக்க வேண்டியவையே அல்ல. பட்டா மனு தாசில்தாருக்குத் திரும்பும், குடிநீர்க் குழாய் மனு பேரூராட்சிக்குத் திரும்பும், பங்காளித் தகராறு ‘நீதிமன்றத்தை அணுகவும்’ என்ற ஒற்றை வரியோடு முடியும். மனு கொடுத்தவர் ‘கலெக்டரிடமே கொடுத்தும் நடக்கவில்லை’ என்று சோர்ந்துபோகிறார். ஐ.ஏ.எஸ். என்ற பணி எந்த வேலைக்காக அமைக்கப்பட்டது, கீழே யாருக்கு எந்த அதிகாரம் இருக்கிறது என்பது தெரிந்தால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி குறையும். அதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

கலெக்டரின் வேலை என்ன

அரசமைப்புச் சட்டத்தின் 312ஆவது பிரிவும் 1951ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணிகள் சட்டமும் ஐ.ஏ.எஸ். பணிக்கு அடிப்படை. தேர்வு செய்வது மத்தியத் தேர்வாணையம், நியமிப்பது குடியரசுத் தலைவர், வேலை பார்ப்பது ஒதுக்கப்பட்ட மாநிலத்தில். மாநில அரசு இவர்களை இடம் மாற்றலாம், ஆனால் வேலையை விட்டு நீக்க முடியாது. உள்ளூர்ச் செல்வாக்குக்கு வளையாமல் ஓர் அதிகாரி கோப்பில் தன் கருத்தை எழுத வேண்டும் என்பதே இதன் நோக்கம். 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் வல்லபாய் பட்டேல் வாதாடியதும் இதற்காகத்தான்.

மாவட்டத்தில் மின்வாரியம், நீர்வளத்துறை, நெடுஞ்சாலை, சுகாதாரம், பள்ளிக்கல்வி என ஒவ்வொன்றுக்கும் சென்னையில் தனித்தனித் தலைமை உண்டு. அந்தத் துறைகளை ஒரே மேசையில் உட்கார வைத்து ‘இன்ன தேதிக்குள் முடியுங்கள்’ என்று கேட்கக்கூடியவர் மாவட்டத்தில் ஒருவர்தான். கலெக்டரின் உண்மையான பலம் அங்கே இருக்கிறது. நில வருவாய் நிர்வாகத்தின் தலைவர், மாவட்ட நடுவர், மாவட்டத் தேர்தல் அலுவலர், பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்று பல பொறுப்புகள் ஒரே நாற்காலியில் சேர்ந்திருப்பதும் அதனால்தான்.

இதிலிருந்து ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரே துறைக்குள் முடியும் விஷயத்தை, அதில் கையெழுத்து போடும் அதிகாரம் உள்ளவரிடம் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று துறைகள் ஒன்றையொன்று கைகாட்டும் விஷயத்தைக் கலெக்டரிடம் கொண்டுபோங்கள்.

உங்கள் ஊர் எந்த மாவட்டம்

செட்டிநாடு நம் மனதில் ஒன்று, வருவாய்க் கணக்கில் இரண்டு மாவட்டம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல், திருப்பத்தூர் எல்லாம் 1985இல் உருவான சிவகங்கை மாவட்டம். ராயவரம், அரிமளம், திருமயம், பொன்னமராவதி எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். பூர்வீக வீடு ஒரு பக்கமும் நிலம் மறுபக்கமும் உள்ள குடும்பங்கள் ஒரே மனுவில் இரண்டையும் எழுதினால் பாதி மனு செத்துப்போகும்.

பழைய ஆவணம் தேடும்போதும் இந்தப் பிரிவு முக்கியம். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம், அதன் நிலப் பதிவேடுகளின் வழி வேறு. சிவகங்கைப் பக்கம் ஜமீன் நிலங்கள் 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு, நிலம் வைத்திருப்பவரே அரசுக்கு நேராக வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாறின. அந்த மாற்றத்தின்போது எழுதிய செட்டில்மென்ட் பதிவேடுதான் அங்கே மூல ஆதாரம்.

படிநிலை இப்படி: கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கோட்ட அளவில் சப்-கலெக்டர் அல்லது ஆர்.டி.ஓ. எனும் வருவாய்க் கோட்டாட்சியர் (இந்த இருவரையும் இனிக் ‘கோட்ட அலுவலர்’ என்போம்), மாவட்ட அளவில் டி.ஆர்.ஓ. எனும் மாவட்ட வருவாய் அலுவலர், அவருக்கு மேல் கலெக்டர். கலெக்டருக்கு மேல் சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் வருவாய் நிர்வாக ஆணையர். சிவகங்கை மாவட்டத்தின் செட்டிநாட்டுப் பகுதிக்குக் கோட்ட அலுவலகம் தேவகோட்டையில் உள்ளது. அங்கே ஐ.ஏ.எஸ். அதிகாரி இருந்தால் சப்-கலெக்டர் என்பார்கள், மாநிலப் பணி அதிகாரி இருந்தால் ஆர்.டி.ஓ. என்பார்கள். சட்ட அதிகாரத்தில் வேறுபாடு இல்லை. முசௌரிப் பயிற்சியும் மாவட்டப் பயிற்சியும் முடித்த இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு முதல் சுதந்திரப் பொறுப்பு பெரும்பாலும் இந்த மாதிரி நாற்காலிதான். எங்கள் கருத்தில் செட்டிநாட்டுக்காரர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் அலுவலகமும் இதுதான். காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்கு ஓடுகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் தேவகோட்டையை மறந்துவிடுகிறார்கள்.

பாட்டனார் பெயரில் நிற்கும் பட்டா

முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும் வீடு. ஏழெட்டுப் புள்ளிகளுக்கு, அதாவது திருமணமான குடும்பங்களுக்கு, பங்கு. பட்டாவோ மூன்று தலைமுறைக்கு முந்தைய ஐயா பெயரில். இந்த மனுவைக் கலெக்டரிடம் கொடுத்துப் பயனில்லை. தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம், 1983 தெளிவாக வரிசை வைத்திருக்கிறது: பதிவை மாற்றுவது தாசில்தார், அவர் உத்தரவு மேல் மேல்முறையீடு கோட்ட அலுவலரிடம், அதற்கு மேல் சீராய்வு டி.ஆர்.ஓ.விடம். கலெக்டரின் பெயர் இந்த வரிசையில் இல்லை.

இப்போது பத்திரம் பதிந்தவுடன் பட்டா தானாக மாறும் வசதி உண்டு. ஆனால் விற்பவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்து, உட்பிரிவும் தேவைப்படாமல் இருந்தால்தான் அது வேலை செய்யும். பாட்டனார் பெயரில் நிற்கும் சொத்துக்கு முதலில் வாரிசு வழியில் பெயர் மாற்ற வேண்டும். அதற்கான வேலை வரிசை:

1. பட்டாதாரர் தொடங்கி இன்றைய தலைமுறை வரை வம்சாவளி ஒன்றை ஒரே தாளில் வரையுங்கள். சுவீகாரம் போனவர், வந்தவர் இருவரையும் குறியுங்கள். நகரத்தார் குடும்பங்களில் மனு தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் சுவீகாரம்தான். பதிவு செய்த தத்துப் பத்திரம் இருந்தால் நகலைச் சேர்க்கவும்.

2. இறந்த ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். வாரிசுச் சான்று தருவது தாசில்தார். நடுவில் ஒரு தலைமுறை விடுபட்டாலும் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

3. இறப்பே பதிவாகாமல் போயிருந்தால், அதுவும் ஓராண்டு கடந்திருந்தால், கோட்ட அலுவலரின் உத்தரவு பெற்றபின்தான் பதிய முடியும். இதைத் தேவகோட்டையிலேயே முடிக்கலாம். மலேசியாவிலோ பர்மாவிலோ இறந்தவருக்கு இங்கே பதிவு கேட்காதீர்கள், அந்நாட்டுச் சான்றையே தேட வேண்டும்.

4. இ-சேவை மையத்திலோ இணையத்திலோ பட்டா மாறுதல் மனு போட்டு, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தாளில் தனியாக ஒரு மனு கொடுத்தால் அது இந்த எண்ணோடு சேராது.

5. எல்லா வாரிசுகளின் பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டா கேளுங்கள். ஒரு பங்காளியை விட்டுவிட்டுப் போட்ட மனு அவருடைய ஆட்சேபணைக் கடிதம் வந்த அன்றே நிற்கும், சில நேரம் பட்டாவே பிறகு ரத்தாகும். வீட்டை யார் எந்தப் பகுதி வரை பிரித்துக்கொள்வது என்பது அதற்குப் பிறகு வரும் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் வேலை.

1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், பெயர் தவறிப்போயிருந்தால் பாதை வேறு. பிழையின் தன்மையைப் பொறுத்துக் கோட்ட அலுவலரோ டி.ஆர்.ஓ.வோ முடிவு செய்வார். அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலும், ஒவ்வொரு புல எண்ணின் வகைப்பாட்டையும் காட்டும் கிராமக் கணக்கான பழைய அ-பதிவேட்டின் நகலும், கிரயப் பத்திரமும் சேர்த்து வைத்தால்தான் வாதம் நிற்கும். தீர்வை ரசீது மட்டும் போதாது.

தாசில்தார் மனுவைத் தள்ளிவிட்டால் உத்தரவின் நகலைக் கையெழுத்திட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. பலர் இந்த இடத்தில் திங்கள் தோறும் கலெக்டரிடம் மனு கொடுத்துக் காத்திருக்கிறார்கள். குறைதீர் மனு காலக்கெடுவை நிறுத்தாது. நாள் கடந்தபின் கோட்ட அலுவலரே விரும்பினாலும் சட்டச் சிக்கல் வந்துவிடும்.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு

பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும், ஆச்சி மட்டும் வளவு வீட்டில் என்பது இன்று பல ஊர்களின் நிலை. வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு பார்க்காமல் விடுவதும் நடக்கிறது. இதற்கென்றே பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 இருக்கிறது. இதில் தீர்ப்பாயத்தின் தலைவர் கோட்ட அலுவலர், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தலைவர் கலெக்டர். ஒரு நிர்வாக அதிகாரி நீதிபதி இடத்தில் உட்காரும் அரிய இடங்களில் ஒன்று இது, பெரியவர்கள் தயங்காமல் பயன்படுத்த வேண்டிய இடமும் கூட.

பெற்றோர் எந்த வயதிலும் மனு செய்யலாம். பிள்ளை இல்லாதவர் 60 வயது நிரம்பியிருந்தால், தம் சொத்தை அனுபவிக்கிற அல்லது பின்னால் அடையப்போகிற உறவினர் மீது மனு செய்யலாம். பெரியவர் நடமாட முடியாதவர் என்றால் அவர் அதிகாரம் கொடுத்த வேறொருவரோ ஓர் அமைப்போ செய்யலாம். பெரியவர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம், மகன் வசிக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. மனுவில் எழுத வேண்டியவை: எல்லாப் பிள்ளைகளின் பெயர், முகவரி, தொழில், மாதம் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆள் கூலிக்கும் ஆகும் செலவு தனித்தனியாக, பெரியவரின் சொந்த வருமானம். ‘பார்த்துக்கொள்ளவில்லை’ என்று மட்டும் எழுதினால் தொகை நிர்ணயிக்க வழியிருக்காது. சட்டத்தில் உள்ள உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். விசாரணை முடியும்வரை இடைக்காலத் தொகை கேட்கலாம். அதை மனுவிலேயே கேட்டுவிடுங்கள், யாரும் தாமாகத் தரமாட்டார்கள். எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ப்பித்த நாளிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 30 நாள். முடிவு பிடிக்கவில்லை என்றால் 60 நாளுக்குள் கலெக்டரின் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற இதே சட்டத்தின் 23ஆவது பிரிவு. சட்டம் வந்தபின் எழுதிய தானப் பத்திரத்தில், ‘எழுதிக் கொடுப்பவரைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை இருந்து, அது மீறப்பட்டால் தீர்ப்பாயம் பத்திரத்தை ரத்து செய்யலாம். நிபந்தனை இல்லாத பத்திரத்தில்தான் வழக்கு இழுக்கிறது. ஆகவே, இனிமேல் பிள்ளைகளுக்குச் செட்டில்மென்ட் பத்திரம் எழுதப் போகும் ஆச்சிகளும் ஐயாக்களும் பத்திர எழுத்தரிடம் அந்த ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளை நல்லவன் என்பதற்காக விடாதீர்கள். நல்ல பிள்ளைக்கு அந்த வரியால் எந்த நஷ்டமும் இல்லை.

கலெக்டரிடம் கொண்டுபோக வேண்டியவை

செட்டிநாட்டு ஊரணியும் கண்மாயும் நல்ல எடுத்துக்காட்டு. ஊரணி பேரூராட்சியுடையதாகவோ ஊராட்சியுடையதாகவோ இருக்கும். பெரிய கண்மாய் நீர்வளத்துறையுடையது, 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய் ஊராட்சி ஒன்றியத்துடையது. வரத்துக் கால்வாய் வருவாய்த்துறைப் புறம்போக்கில் ஓடி, நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே நுழைந்து, ஒரு மனைப்பிரிவின் ஓரமாக வரும். மழை பெய்தும் ஊரணி நிறையவில்லை என்றால் ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைச் சொல்லும். இது கலெக்டர் மனு. மனுவோடு மூன்று விஷயம் வேண்டும்: கால்வாய் ஓடும் ஒவ்வொரு புல எண்ணும் அ-பதிவேட்டில் என்ன வகைப்பாடு என்பதன் நகல், புலப்பட நகலில் அடைபட்ட இடத்தைச் சிவப்பு மையால் குறித்தது, அந்த இடத்தின் புகைப்படம். கேட்க வேண்டியது ‘நடவடிக்கை’ அல்ல. ‘வருவாய், நீர்வளம், நெடுஞ்சாலை, பேரூராட்சி ஆகிய நான்கு துறைகளும் கூட்டுத் தணிக்கை செய்து, புல எண் இன்னதில் அளந்து, எல்லைக்கல் நட்டு, ஆக்கிரமிப்பு இருந்தால் அறிவிப்பு கொடுக்க உத்தரவிட வேண்டும்’ என்று எழுதுங்கள். ‘கூட்டுத் தணிக்கை’ என்ற இரண்டு சொல் இருந்தால் மனு ஒரே துறைக்குள் போய் அடங்காது.

வண்டல் மண் எடுக்க மட்டும் என்றால் இவ்வளவு தூரம் வேண்டாம். 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் அளவு. சிட்டா நகல் கட்டாயம்.

திருவிழா, தேர், மஞ்சுவிரட்டு ஆகியவையும் கலெக்டர் பக்கம்தான். சிராவயல் போன்ற இடங்களில் மஞ்சுவிரட்டுக்கு வருவாய், காவல், கால்நடை, சுகாதாரம், பொதுப்பணித்துறை எல்லாம் சேர வேண்டியிருப்பதால் விண்ணப்பத்தைப் பொங்கலுக்கு வெகு முன்னதாகவே தொடங்க வேண்டும். மரியாதை, வடம் பிடிப்பது போன்றவற்றில் ஊருக்குள் மனக்கசப்பு இருந்தால் முதலில் கோட்ட அலுவலரிடம் அமைதிக் கூட்டம் கேளுங்கள். ஆண்டுக்கணக்கில் நின்றிருந்த, தேவகோட்டைப் பக்கத்துக் கண்டதேவித் தேர் 2024 ஜூனில் ஓடியது நீதிமன்றமும் மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் சேர்ந்து நின்றதால்தான். அமைதிக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்காமல் யாரும் எழுந்து வரக்கூடாது.

பொதுப் பாதையை ஒருவர் அடைத்துவிட்டால் அது கோட்ட அலுவலரின் நடுவர் அதிகாரத்துக்குள் வரும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவைக் குறிப்பிட்டு மனு எழுதுங்கள், பழைய சட்டத்தின் 133ஆவது பிரிவை எழுத வேண்டாம். சொத்து யாருக்கு என்ற கேள்வியோ, கோவில் நிர்வாகமோ, பத்திரப்பதிவுத் தகராறோ கலெக்டர் அதிகாரத்தில் இல்லை. முதலாவது சிவில் நீதிமன்றம், இரண்டாவது அறநிலையத்துறை, மூன்றாவது பதிவுத்துறை.

மனுவை எழுதும் விதம்

ஒரு மனுவுக்கு ஒரு விஷயம். ஏ4 தாளில் ஒரு பக்கம். பட்டா, தெருவிளக்கு, முதியோர் ஓய்வூதியம் மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் பதிவு செய்பவர் முதல் வரியில் உள்ள துறைக்கே அனுப்புவார், மற்ற இரண்டும் படிக்கப்படாமலே முடியும்.

‘பொருள்’ என்ற வரியில் மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், புல எண், உட்பிரிவு எண், கேட்கும் காரியம் என்ற வரிசையில் எழுதுங்கள். வருவாய்க் கிராமத்தின் பெயர் நாம் சொல்லும் ஊர்ப் பெயராக இராது. சிட்டாவில் பார்த்து எழுதவும். அடுத்து ‘பார்வை’ என்று போட்டு முன்பு கொடுத்த மனுக்களின் எண்ணும் தேதியும். பிறகு நடந்தது என்ன என்று நான்கைந்து வரி. கடைசியில் வேண்டுகோள், ஒரே வாக்கியம். ‘தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு’ என்று எழுதிய மனுவை ‘பரிசீலிக்கப்பட்டது’ என்று எழுதி முடிக்கலாம், அதில் குறை சொல்ல முடியாது. ‘இன்ன புல எண்ணை அளந்து கல் நட’ என்றோ ‘இன்ன மனுமீது உத்தரவு பிறப்பிக்க’ என்றோ எழுதினால் ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நில எல்லை அளக்க மட்டும் வேண்டுமென்றால் எஃப்-லைன் மனுவை இணையத்தில் கட்டணத்தோடு கொடுங்கள். கலெக்டர் மனுவால் அந்தக் கட்டணம் தள்ளுபடியாகாது.

அதிகாரியை ஊழல்காரர் என்று எழுதிவிட்டு, அதே மனுவில் வேலையையும் கேட்காதீர்கள். புகார் விசாரணைக்குப் போகும், வேலை காத்திருக்கும். லஞ்சப் புகார் தனி மனு, ஊழல் தடுப்புத் துறைக்கு.

மூலப் பத்திரத்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். நகல் மட்டும்.

திங்கட்கிழமையும் அதற்குப் பிறகும்

பதிவு மேசையில் மனு கணினியில் ஏறி எண் விழுந்த பிறகுதான் கலெக்டர் முன் போக வேண்டும். கூட்டத்தில் முந்திக்கொண்டு நேரே கையில் திணித்த மனுவுக்கு எண் இருக்காது, எண் இல்லாத மனுவைத் தேட முடியாது. கலெக்டரிடம் நிற்க உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. வேண்டுகோள் வரியை மட்டும் சொல்லுங்கள், வரலாறு மனுவில் இருக்கிறது. அரசு விடுமுறை விழும் திங்களில் கூட்டம் இராது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் காலத்தில் கூட்டம் நடக்காது, பெட்டியில் போட்டு வரலாம். சிவகங்கைக்குப் போக முடியாதவர் 1100 எண்ணில் முதல்வரின் முகவரித் துறையில் பதியலாம், மனு கடைசியில் அதே அதிகாரியிடம்தான் வரும். 2024 ஜனவரியில் தொடங்கிய ‘உங்களைத் தேடி உங்கள் ஊரில்’ திட்டத்தில் கலெக்டர் மாதம் ஒரு வட்டத்தில் தங்கி ஆய்வு செய்கிறார். கண்மாய், பள்ளி, சுகாதார நிலையம் போல நேரில் பார்த்தால் புரியும் விஷயங்களுக்கு அந்த நாள் மிக நல்லது. பட்டா, கிராமக் கணக்குப் பிழைகளுக்கு மே, ஜூன் மாதங்களில் நடக்கும் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை, நல்லது. அன்று பசலி (வருவாய் ஆண்டு) முடிவுக் கணக்குகள் எல்லாம் மேசை மேல் இருக்கும், கிராம நிர்வாக அலுவலரும் ஆய்வாளரும் பக்கத்திலேயே நிற்பார்கள்.

மூன்று நாளில் ஒப்புகை, 30 நாளில் தீர்வு என்பது மாநில அரசின் அறிவுரை. 30 நாள் கழிந்தும் பதில் இல்லையென்றால் புதிய மனு எழுதாதீர்கள். புதிய எண் விழுந்தால் பழைய மனு முடிந்ததாகக் கணக்கு காட்ட வசதியாகிவிடும். பழைய எண்ணையே ‘பார்வை’யில் போட்டு நினைவூட்டு மனு கொடுங்கள். கலெக்டர் மாறிவிட்டாலும் கோப்பு மாறாது. புதியவரிடம் முதல் மாதத்திலேயே ஒரு நினைவூட்டு கொடுப்பது பலன் தரும். வாய்மொழியாக ‘ஆர்டர் ஆகிவிட்டது’ என்று யார் சொன்னாலும் உத்தரவு எண் கேளுங்கள். மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னதையும் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்றுதான் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கான 1968ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மனு தங்கியிருக்கும் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ‘ஏன் தாமதம்’ என்று கேட்டால் பதில் வராது, காரணம் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல. ‘இன்ன தேதியிட்ட, இன்ன எண்ணுள்ள என் மனு தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்கள், கடிதப் பக்கங்கள் அனைத்தின் நகல்’ என்று கேளுங்கள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய். அந்தப் பக்கங்களில் உங்கள் மனு யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது, யார் அறிக்கை அனுப்பவில்லை என்பது கையெழுத்தோடு தெரியும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. நகல் கைக்கு வந்ததும், அறிக்கை அனுப்பாத அதிகாரியின் பதவியைக் குறிப்பிட்டு, அந்தப் பக்கத்தை இணைத்து, அடுத்த திங்கள் நினைவூட்டு மனுவைக் கலெக்டரிடம் கொடுங்கள்.